மன்னார் வளைகுடாப் பவளப்பாறை மீட்பு

மன்னார் வளைகுடாப் பவளப்பாறை மீட்பு என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களை ஒட்டிய கடலில் அழிவுற்ற பவளப்பாறைகளை மீண்டும் உருவாக்க 2002 ஆம் ஆண்டு முதல் மேற்கொள்ளப்பட்டு வரும் பணிகளைக் குறிக்கும். உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நடுதல், நட்டவற்றைப் பராமரித்தல், தீவுகளைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்குதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பவளக்கல் அகழ்வால் வெறுமையாகிப்போன கடற்பரப்பில் இம்முறைகள் பலனளித்துள்ளன. ஆனால் கடல்நீர் வெப்பமடைவதால் ஏற்படும் வெளிறல், இயற்கையாக வளர்ந்த பவளங்களையும் நடப்பட்ட பவளங்களையும் ஒருசேரத் தாக்குகிறது. எனவே இம்மீட்புப் பணி எந்த அளவுக்குப் பயன் தரும் என்பது, அழிவுக்குக் காரணம் எது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பெயர்

பவளப்பாறை என்னும் சொல் தமிழ்நாட்டில் பெருவழக்கு. இலங்கைத் தமிழில் இது முருகைக்கற்பாறை எனப்படும். கரையோர மீனவர்களும் முத்துக்குளிப்போரும் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் பொதுவாகப் பார் என்று அழைப்பர். மன்னார் வளைகுடாத் தீவுகளுள் ஆனைப்பார் என்னும் பெயரில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளம் இப்பாறைகளிலிருந்து கிடைப்பதன்று. அது ஆழ்ந்த நீரில் வாழும் வேறொரு பவள இனத்திலிருந்து, பெரும்பாலும் நடுநிலக் கடலில் எடுக்கப்படுவது.

பவளப்பாறை உருவாகும் விதம்

பவளம் ஒரு விலங்கு. இழுதுமீன், கடற்சாமந்தி ஆகியவற்றின் உறவினம். குழல் போன்ற மெல்லுடலும் வாயைச் சுற்றிக் கொடுக்குகளும் கொண்ட சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி ஒரு குடியிருப்பாக வாழ்கின்றன. ஒவ்வோர் உயிரும் தன் அடியில் சுண்ணாம்புக் கூட்டைச் சுரக்கிறது. பழைய உயிர்கள் மடிய, அவற்றின் கூட்டின் மேல் புதியவை வளர்கின்றன. இவ்வாறு சேர்ந்த சுண்ணாம்பே காலப்போக்கில் பாறையாகிறது.

பாறை கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. இப்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளம் அவற்றுக்கு உறைவிடமும் கரியமில வாயுவும் சத்துப்பொருள்களும் தருகிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இப்பாசிகளே காரணம். இவற்றுக்கு ஒளி தேவையாதலால் பவளப்பாறைகள் தெளிந்த, ஆழமற்ற, வெதுவெதுப்பான கடல்களிலேயே செழிக்கின்றன.

பவளங்கள் இருவகையில் பெருகுகின்றன. ஒன்று, முட்டையும் விந்தும் கடல்நீரில் கலந்து உருவாகும் நுண்ணிய குடம்பிகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று, கெட்டியான பரப்பொன்றில் ஒட்டி வளர்தல். மற்றொன்று, அலையில் உடைந்த துண்டு விழுந்த இடத்தில் பற்றித் தனிக் குடியிருப்பாக வளர்தல். முருங்கைப் போத்தை வெட்டி ஊன்றினால் தழைப்பது போன்றது இது. பவள நடவு இந்த இரண்டாவது இயல்பையே பயன்படுத்துகிறது.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள்

இந்தியாவில் பவளப்பாறைகள் காணப்படும் முதன்மையான பகுதிகள் அந்தமான் நிக்கோபார் தீவுகள், இலட்சத்தீவுகள், கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதி ஆகியனவாகும். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் கரைக்கு இணையாகச் சங்கிலி போல் அமைந்துள்ளன. இவை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படும். தீவுகளைச் சுற்றியே பவளப்பாறைகள் உள்ளன. இங்கு நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா, மோன்டிபோரா, போசிலோபோரா இனங்களும், உருண்டைப் பாறை போன்று மெதுவாக வளரும் பொரைட்டிஸ் இனமும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

1986 ஆம் ஆண்டில் இத்தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் உள்ளடக்கிய 560 சதுர கிமீ பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989 இல் 10,500 சதுர கிமீ பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001 இல் யுனெசுகோ அமைப்பின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இது சேர்க்கப்பட்டது.

பவளப்பாறை ஆய்வு வரலாற்றிலும் இப்பகுதிக்கு இடமுண்டு. அனைத்துலகப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் முதலாவது, 1969 ஆம் ஆண்டு மண்டபம் முகாமில் நடைபெற்றது.

அழிவின் காரணங்கள்

பவளக்கல் அகழ்வு

பவளக்கல் ஏறத்தாழ முழுவதும் சுண்ணாம்பாதலால் அதைச் சுட்டுச் சுண்ணாம்பு தயாரிக்கலாம். வீடு கட்டவும் சாலை அமைக்கவும் கல்லாகவே பயன்படுத்தலாம். இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளின் தேவையும் இதனுடன் சேர்ந்தது. தோணிகளில் சென்று கடப்பாரையால் பாறைகளைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவருவது பல ஊர்களில் பிழைப்பாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டன் பவளக்கல் எடுக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

மன்னார் வளைகுடாவில் இருந்த ஏறத்தாழ 110 சதுர கிமீ பவளப்பாறைப் பரப்பில் 32 சதுர கிமீ, அகழ்வாலும் அழிவு தரும் மீன்பிடி முறைகளாலும் சிதைந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. அலையின் வேகத்தைத் தடுத்த பாறைகள் அகன்றதால் தீவுகளின் மணல் அரிக்கப்பட்டது. கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டி, தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகளும் கடலுள் மூழ்கிவிட்டன. இன்று நீர்மட்டத்துக்கு மேல் உள்ளவை 19 தீவுகளே.

2001 ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. 2004 டிசம்பரில் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின், கரையைக் காப்பதில் பாறைகளுக்கு உள்ள பங்கை ஊர்மக்கள் உணர்ந்ததாலும் கண்காணிப்பு கடுமையானதாலும் 2005 அளவில் பவளக்கல் அகழ்வு நின்றது.

வெப்பத்தால் வெளிறல்

கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடைக்கால உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியசு அளவுக்கு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளத்துக்கும் பாசிக்கும் இடையிலான கூட்டு முறிகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறமற்ற திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிவதால் இது வெளிறல் எனப்படுகிறது. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் பெருகி அது தேறிவிடும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும்.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் சூன் வரையிலான கோடையில் நீரின் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது வெளிறல் காணப்படுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அது கடுமையாக இருந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில் மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவுகளிலும் பவளங்கள் மீண்டும் வெளிறின.

பிற காரணங்கள்

- இழுவை மடிகள் கடலடியைக் கிளறுவதும், கைவிடப்பட்ட வலைகள் பாறைகளில் சிக்கி அலையில் அசைந்து பவளங்களை உடைப்பதும்.
- கழிவுநீரும் வண்டலும் நீரின் தெளிவைக் குறைப்பது.
- வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட காப்பாபைகசு என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களின் மேல் பாய் போலப் படர்ந்து மூடுவது. குருசடைத் தீவுப் பகுதியில் இது படர்ந்தது 2008 இல் பதிவு செய்யப்பட்டது.
- நுண்ணுயிர்களின் திடீர்ப் பெருக்கம். 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாக மாறியது. அது மடிந்து அழுகியபோது நீரில் ஆக்சிசன் குறைந்து, மீன்களும் கிளைப் பவளங்களும் மடிந்தன.

மீட்பு முறைகள்

நடவு ஏன் தேவைப்பட்டது

அகழ்வு நின்றபின் பவளங்கள் தாமாகவே வளர்ந்துவிடக்கூடும் எனத் தோன்றலாம். பாறை எஞ்சியிருந்த இடங்களில் அவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் பாறை முற்றிலும் பெயர்க்கப்பட்ட இடங்களில் உதிரிக் கற்களும் மணலுமே மிஞ்சின. அலையில் உருளும் கல்லில் ஒட்டிய குடம்பி நசுங்கிவிடும். மணலில் விழுந்தது புதைந்துவிடும். அசையாத, சற்று உயர்ந்த பற்றுதளம் இருந்தாலன்றி அங்குப் பவளம் மீண்டும் வராது. அத்தளத்தை மனிதர் அமைத்துக் கொடுப்பதே மீட்பின் முதற்படி.

பவள நடவு

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் வனத்துறையின் அனுமதியுடன் இப்பணியைத் தொடங்கியது. அதன் படிகள் வருமாறு:

1. இடத்தேர்வு: முன்பு பவளம் இருந்து அழிந்த, இப்போது அகழ்வும் மாசும் இல்லாத, ஒளி போதிய அளவு கிடைக்கும் இடம் தேர்ந்தெடுக்கப்படும். பவளமே இல்லாதிருந்த இடத்தில் நடுவது பொதுவாகப் பயன் தருவதில்லை.
2. தாய்ப்பவளம்: அருகிலுள்ள நலமான பாறையிலிருந்து, அவ்விடத்துக்கே உரிய இனங்களின் சிறு துண்டுகள் எடுக்கப்படும். அலையால் முன்னரே உடைந்து கிடக்கும் உயிருள்ள துண்டுகளும் பயன்படும். கோடையிலும் கடல் கொந்தளிக்கும் பருவத்திலும் இதைச் செய்வதில்லை.
3. கட்டுதல்: துண்டுகள் நீருக்கு வெளியே நெடுநேரம் இருக்காதவாறு, சிறு சிமெண்டுப் பலகைகளில் கயிற்றாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ கட்டப்படும்.
4. நிறுத்துதல்: முக்குளிப்போர் அப்பலகைகளைக் கடலடியில் வைக்கப்பட்ட கான்கிரீட்டுச் சட்டங்களின் மேல் பொருத்துவர். சட்டத்தின் உயரம் துண்டுகளை மணலிலிருந்தும் வண்டலிலிருந்தும் காக்கும்.
5. பராமரிப்பு: படரும் பாசியையும் வண்டலையும் அகற்றி, சிக்கிய வலைகளை எடுத்து, வளர்ச்சியையும் பிழைப்பு விகிதத்தையும் தொடர்ந்து அளவிடுவர்.

சில மாதங்களில் பவளத்தின் திசு கட்டை மூடிப் பலகையோடு ஒன்றிவிடும். கிளைவிடும் இனங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வளரக்கூடும். பொரைட்டிஸ் போன்றவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். எனவே நடவுக்குக் கிளை இனங்களே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வெளிறலுக்கு எளிதில் ஆட்படுபவையும் பெரும்பாலும் இவையே.

செயற்கைப் பாறைகளும் வான் தீவும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1969 இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2010களின் நடுப்பகுதியில் அது 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி இரண்டாகப் பிளவுபடும் நிலையை அடைந்தது. காலநிலை மாற்றத் தகவமைப்புக்கான தேசிய நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு அரசு 2015 முதல் அத்தீவின் கடல் நோக்கிய பக்கத்தில் துளைகளுடைய கான்கிரீட்டுப் பாறைகளைக் கட்டம் கட்டமாக இறக்கியது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சுகந்தி தேவதாசன் நிறுவனமும் இதில் பங்கேற்றன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாறைகள் நிறுவப்பட்டன.

இவை அலையை முற்றிலும் தடுப்பதில்லை. துளைகளின் வழியே நீர் செல்லும்போது அலையின் வேகம் தணிந்து, சுமந்து வந்த மணல் தீவின் பக்கம் படிகிறது. அதே வேளையில் துளைகள் மீன்களுக்குப் புகலிடமாகவும், மேற்பரப்பு பவளக் குடம்பிகளுக்குப் பற்றுதளமாகவும் பயன்படுகின்றன. வான் தீவு மூழ்காமல் நின்றது. அதே தொகுதியிலுள்ள காரைச்சல்லித் தீவையும் (காரியாச்சல்லி எனவும் வழங்கும்) இம்முறையில் காக்கும் திட்டம், உலக வங்கி உதவி பெறும் தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்தின் கீழ் வகுக்கப்பட்டது.

விளைவுகள்

2002 முதல் இரு பதிற்றாண்டுகளில் 20 உள்ளூர் இனங்களைச் சேர்ந்த சுமார் 51,000 பவளத் துண்டுகள், ஏறத்தாழ 5,500 செயற்கைத் தளங்களில் நடப்பட்டன. இவற்றால் சுமார் 40,000 சதுர மீட்டர் பரப்பு மீட்கப்பட்டது. நடப்பட்டவற்றின் பிழைப்பு விகிதம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 55 முதல் 80 விழுக்காடு வரை இருந்தது. மீட்கப்பட்ட இடங்களில் உயிருள்ள பவளம் மூடிய பரப்பு 2006 இல் 2.6 விழுக்காடாக இருந்து 2020 இல் 16.7 விழுக்காடாக உயர்ந்தது. மீன்களின் அடர்த்தியும் பன்மடங்கு பெருகியது.

மன்னார் வளைகுடா முழுவதற்குமான உயிருள்ள பவளப் பரப்பின் விழுக்காடு, கள ஆய்வுகளின்படி பின்வருமாறு மாறியது:

- 2005: சுமார் 37
- 2009: சுமார் 43
- 2010, வெளிறலுக்குப் பின்: சுமார் 33
- 2016, வெளிறலுக்கு முன்: சுமார் 39
- 2016, வெளிறலுக்குப் பின்: சுமார் 23
- 2021: சுமார் 27

இவ்வரிசையிலிருந்து இரு செய்திகள் தெளிவாகின்றன. அகழ்வு நின்ற நான்கு ஆண்டுகளில் பவளப் பரப்பு தானாகவே ஆறு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. நடவு செய்யப்பட்ட பரப்பு மிகச் சிறிதாதலால், அழிவை நிறுத்தியதே இவ்வுயர்வுக்கு முதன்மைக் காரணம். இரண்டாவதாக, 2010 க்குப் பின் ஆறு ஆண்டுகளில் மெல்லத் தேறிய பாறைகள், 2016 இல் ஒரே கோடையில் அதனினும் மிகுதியாக இழந்தன.

பிற இடங்களில்

- பவளத் துண்டுகளை முதலில் கடலுள் நாற்றங்காலில் வளர்த்துப் பின் பாறையில் நடும் முறை, பவளத் தோட்டம் என்ற பெயரில் 1990களில் இசுரேல் நாட்டு அறிஞர்களால் முன்வைக்கப்பட்டது. பின்னர் பல நாடுகளில் பரவியது.
- இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்கருகே, வெடிவைத்து மீன் பிடித்ததால் நொறுங்கிய பாறைகளின் மேல், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இரும்புச் சட்டங்களில் பவளம் நடப்படுகிறது. நான்கு ஆண்டுகளில் அங்குப் பாறை வளரும் வேகம் நலமான பாறைகளின் அளவை எட்டியதாக 2024 இல் வெளியான ஆய்வு காட்டியது.
- குசராத்து மாநிலத்தின் கட்ச் வளைகுடாவில், நீரினுள் வைத்த இரும்புச் சட்டத்தில் மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்திச் சுண்ணாம்பைப் படியவைக்கும் முறையை இந்திய விலங்கியல் அளவைத்துறை 2020 இல் சோதித்தது.
- ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பல ஆண்டுகள் வளர்க்கப்பட்டு நடப்பட்ட பவளங்களுள் பெரும்பகுதி 2023 கோடையின் கடல் வெப்ப அலையில் மடிந்தது. நாற்றங்கால்களிலிருந்த பவளங்கள் அவசரமாகக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றப்பட்டன.

வரம்புகள்

மீட்புப் பணி குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதலாவது பரப்பு பற்றியது. மன்னார் வளைகுடாவில் மீட்கப்பட்ட 40,000 சதுர மீட்டர் என்பது 0.04 சதுர கிமீ ஆகும். சிதைந்ததாகக் கணிக்கப்பட்ட 32 சதுர கிமீ பரப்பில் இது எண்ணூற்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டையும் மனிதர் மூழ்கிச் சென்று கையால் நட வேண்டியிருப்பதால் இதை விரைவில் பெருக்குவது கடினம்.

இரண்டாவது வெப்பம் பற்றியது. சுலவேசியில் வெடியும் தூத்துக்குடியில் கடப்பாரையும் காரணமாக இருந்தன. அவை நிறுத்தக்கூடியவை, நிறுத்தப்பட்டபின் நடவு நிலைத்தது. வெப்பத்தை ஒரு மாவட்டமோ ஒரு மாநிலமோ நிறுத்த இயலாது. புவியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 பாகை உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியக்கூடும் எனக் காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2018 இல் மதிப்பிட்டது.

நடவை ஆதரிப்போர், அது வெப்பத்துக்கு மாற்றாகாது எனினும் காலத்தை ஈட்டித் தரும் என்பர். வெளிறலைத் தாங்கிப் பிழைத்த பவளங்களைத் தாய்ப்பவளமாகத் தேர்ந்தெடுத்தல், வேகமாக வளரும் இனங்களோடு உரமான பாறைப் பவளங்களையும் சேர்த்து நடுதல் ஆகியன இப்போது வலியுறுத்தப்படுகின்றன. மாசு, வண்டல், வலைச் சேதம் ஆகியவற்றைக் குறைத்தால், வெளிறிய பவளம் தேறும் வாய்ப்பு கூடும். இவை உள்ளூரிலேயே செய்யக்கூடியவை.

கரையோர மக்கள்

மன்னார் வளைகுடாக் கரையின் மீனவ ஊர்கள் பாறைகளை அண்டி வாழும் மீன்கள், இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றைச் சார்ந்துள்ளன. பாம்பன் பகுதியில் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுப்பது பெண்களின் தொழில். தேசியப் பூங்கா அமைந்தபின் தீவுகளுக்குச் செல்வது தடை செய்யப்பட்டதால் அவர்களது வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது. பாதுகாப்புக்கும் பிழைப்புக்கும் இடையிலான இம்முரண் இன்றும் முழுமையாகத் தீரவில்லை. உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை 2000 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, ஊர்க் குழுக்கள் வழியாகச் சிறுகடன், மாற்றுத்தொழில் பயிற்சி ஆகியவற்றை வழங்கியது.

பாறை அழிந்தால் முதலில் இழப்பவர்கள் இவர்களே. மீன்கள் குறைவதோடு, தீவுகள் மறைந்தால் திறந்த கடலின் அலை நேரே ஊர்களின் கரையில் மோதும். பவளக்கல்லைப் பெயர்ப்பதை நிறுத்தியதும் இக்கரை மக்களே என்பதால், மன்னார் வளைகுடாவில் நடந்த மீட்புகளுள் பெரியது கடலடியில் நட்டதன்று, கரையில் கைவிடப்பட்ட அத்தொழிலே எனக் கூறலாம்.